தைரியத்துக்கு முப்பத்தொரு வாக்கியங்கள்

என்னிடம் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. மலாயாவின் கிள்ளானில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் படித்ததற்கு எனக்கு மிஞ்சிய சொத்து அதுதான். ஆங்கிலேயர்கள் பேச்சில் புழங்கும் மரபுத்தொடர்களைத் தலைப்புவாரியாக அதில் எழுதி வைத்திருந்தேன். மழைக்கு நாலு, சோம்பலுக்கு ஒன்பது, கோபத்துக்குப் பதினாறு. தைரியத்துக்கு மட்டும் முப்பத்தொன்று. அதை வைத்து வெள்ளைக்காரர்களைப் போலத் தைரியசாலிகள் உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். எந்த வீட்டில் பயம் அதிகமோ அந்த வீட்டில்தான் தைரியத்தைப் பற்றிப் பேச்சும் அதிகமாக இருக்கும் என்பது பதினெட்டு வயதில் யாருக்குத் தெரியும்?

அந்த முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் முகத்தைப் பற்றியவை. முகவாயை உயர்த்தியே வைத்திரு என்று ஒன்று. கீப் யுவர் சின் அப். மேலுதட்டை விறைப்பாக வைத்துக்கொள், துடிக்க விடாதே என்று ஒன்று. உள்ளே என்ன நடந்தாலும் துணிச்சலான முகத்தை மாட்டிக்கொள் என்று இன்னொன்று. தோட்டாவைக் கடி என்றும் ஒன்று உண்டு. மயக்க மருந்து இல்லாத காலத்தில் சிப்பாயின் காலை அறுக்கும்போது கத்தாமல் இருக்க அவன் பல்லுக்கிடையே தோட்டாவை வைப்பார்களாம். அப்பா எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசர். அவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். துணியைச் சுருட்டிக் கொடுத்தால் போதுமே, தோட்டாவைக் கடித்தால் பல் உடையும், பிறகு அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது டச்சுக்காரன் தைரியம். குடித்த பிறகு வருகிற வீரத்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. கோலசிலாங்கூர்க் குன்றின்மேல் டச்சுக்காரர்கள் விட்டுப்போன கோட்டைக் கற்கள் இன்னும் கிடக்கின்றன. அங்கே போகும்போதெல்லாம் இந்தச் சுவருக்குள் எத்தனை பீப்பாய் தைரியம் இருந்ததோ என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் தோட்டத்திலும் கள்ளுக்கடை மூடுகிற நேரத்தில் டச்சுக்காரர்களுக்குக் குறைவில்லை.

கம்யூனிஸ்டுக் கலகத்தை அடக்க அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் வந்ததும் என் படிப்பு நின்றது. சாலையில் பஸ்ஸை எரித்தார்கள், துரைமார்களைச் சுட்டார்கள் என்று தினம் ஒரு செய்தி. அப்பா என்னைத் தோட்டத்துக்கே கூட்டிவந்துவிட்டார். தஞ்சோங் காராங் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. ஒரு பக்கம் மலாய்க்காரர்களின் கம்பத்து வயல்கள், மறுபக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும் காடு. அந்தக் காட்டுக்குள்தான் துப்பாக்கி வைத்திருந்த அவர்கள் இருந்தார்கள், காட்டுக்காரர்கள் என்போம். அவர்களுக்குச் சோறு போய்ச் சேராமல் செய்தால் தானாக வெளியே வருவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அதற்காகத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். அரிசி, சீனி, கருவாடு, எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டப் போகிறவர்கள் வரக்காப்பியைக் குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு போய், வேலை முடித்து உள்ளே வந்துதான் சாப்பிட வேண்டும்.

காலையில் கேட்டில் சோதனை. வாளி, தலைமுண்டு, இடுப்பு மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒரு காவலர் பெண்கள் வரிசைக்கு வந்து ஒருத்தியின் இடுப்புப் பக்கம் கையை நீட்டினார். அவள் பால் வாளியைத் தூக்கிவிட்டாள். அடிக்கவில்லை, தூக்கினாள், அவ்வளவுதான். அன்றைக்குப் பெண்கள் அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வெட்டாத மரம் பால் தராது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தெரியும். மறுநாளே அப்பாவைக் கூப்பிட்டு, ஆங்கிலம் தெரிந்த உங்கள் மகள் பெண்களைச் சோதனை போடட்டும் என்று சொல்லிவிட்டார்.

வாளியைத் தூக்கியவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடைசி லயத்தில் கடைசி வீடு. புருஷன் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை செய்தார். ஆறு மாதக் கைக்குழந்தையை விடியும் முன் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். வாயாடி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். என் அலட்டலை எல்லாம் முதலில் கண்டுபிடித்தது அவள்தான்.

அலட்டல் என்று சும்மா சொல்லவில்லை. தோட்டத்தில் சப்பாத்துப் போட்டு நடந்த ஒரே பெண் நான். அதைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்று, கை தூக்குங்க, முந்தியக் காட்டுங்க, நகருங்க என்று அதிகாரம் பண்ணினேன். காடு இருட்டாகத் தெரியும்போது என் நோட்டுப் புத்தகத்து வாக்கியம் ஒன்றை வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். துப்பாக்கியோடு நின்ற காவலரிடமும் சொல்வேன். அவர் பாவம் தலையாட்டுவார். எனக்கு எதிலும் பயமில்லை என்று ஒரு நாள் பெண்களிடம் அறிவித்தேன். கேட்டுக்கு உள்ளே நிக்கிறவளுக்கு என்ன பயம் லா என்றாள் அக்கா. வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்குக் கேட்டுத் துரைசாணி என்று பெயர்.

துரை நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் என் நோட்டுப் புத்தகத்தைப் போலவே பேசுவார். காட்டோர நிரையில், காடு தொடங்கும் இடத்து மர வரிசைகளில், ஒரு இரவில் முந்நூறு மரங்களைக் காட்டுக்காரர்கள் பட்டை உரித்துவிட்டுப் போனார்கள். வேலை செய்தால் உங்களுக்கும் இதுதான் என்பது அதற்கு அர்த்தம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலைக்குப் பிரிவதற்கு முன்னால், இரும்புத் தகடு அடித்த காரிலிருந்து துரை இறங்கி, முகவாயை உயர்த்தி வைத்துக்கொள்ளச் சொன்னார். மொழிபெயர்ப்பதும் என் வேலைதான். மனம் தளரக் கூடாது என்று துரை சொல்கிறார் என்றேன். தகரத்துக்குள் உட்கார்ந்து வந்தவர் தலைமுண்டு கட்டி நடக்கிறவளுக்குச் சொல்கிறாரா என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்றைக்கு அக்காதான் முதலில் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பயமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

"ஒரலுக்குள்ள தலைய குடுத்தாச்சு. இனிமே ஒலக்கைக்குப் பயந்தா ஆவுமா?"

எனக்கு அது உறைக்கவில்லை. கன்னியர் மடத்தில் படித்தவளுக்கு உரலும் உலக்கையும் ஒரு வாக்கியமா? நோட்டில் எழுதவும் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது அந்தக் காட்டோர நிரையில் மிஞ்சிய மரங்களுக்குப் புதுப்பட்டை திறந்த நாளில் நடந்தது. வெட்டி வெட்டி ஒரு பக்கத்துப் பட்டை அடிமரம் வரை இறங்கிவிட்டால், மரத்தின் மறுபக்கத்தில் புதிதாகக் கோடு கீறித் தொடங்குவார்கள். அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெண்ணும் ஒரு கைப்பிடி அரிசியில் மஞ்சள் கலந்து முந்தியில் முடிந்துகொண்டு போய், அந்த நிரையில் தன் பங்கின் முதல் மரத்தடியில் போட்டு, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உளியை வைப்பாள். பட்டையைக் கிழிக்கிறோம், பொறுத்துக்கொள் என்று மரத்திடம் சொல்வதாம். வேலி போட்ட பிறகு முதன்முதலாக அந்த நாள் வந்தது. அரிசி கேட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டமும் இருந்தது.

நான் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. டிரசர் வீட்டுப் பெண்ணுக்குப் புதுப்பட்டை நாள் என்றால் என்ன, பழம்பட்டை நாள் என்றால் என்ன? வரிசையில் முதல் பெண்ணின் முந்தியைப் பிடித்ததும் விரலில் அரிசி நெரிந்தது. என் கை நின்றுவிட்டது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை, என்னையே பார்த்தாள். மரத்துக்கு, பாப்பா என்றாள் மெதுவாக. காவலர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகருங்க என்றேன்.

இரண்டாவது பெண்ணிடமும் அரிசி. மூன்றாவது பெண்ணிடமும். ஐந்தாவது பெண் வந்தபோது என் பயம் போய் ஒரு குஷி வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது கருணை இல்லை, பக்தியும் இல்லை. ராஜாங்கத்துச் சட்டம் என் இரண்டு விரலுக்கு நடுவில் இருக்கிறது, நான் விட்டால்தான் எதுவும் போகும் என்கிற திமிர். இருபத்திரண்டு பேரையும் விட்டேன். கடைசியாக வந்த அக்கா, தன் முடிச்சை நான் தொட்டபோது, ஒரு நிமிஷம் என் முகத்தைப் படித்துவிட்டு, வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

யாரும் தனியாகக் காட்டோரம் போகக் கூடாது என்பதால், அந்த இருபத்திரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே காவலர்களுக்காகக் காத்து நின்றார்கள். அப்போதுதான் போலீஸ் வண்டி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சோதனை. இறங்கியவர் இளம் வெள்ளைக்கார ஆபீசர், மலாயாவுக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். மூக்கின் மேல் தோல் உரிந்து சிவந்திருந்தது. பின்னாலேயே துரையின் கார். ஆபீசர் எனக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டு, சோதனை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது, ஒன்றுமில்லை என்று முகவாயை உயர்த்திச் சொன்னேன்.

அவர் வரிசையின் கடைசியில் நின்ற அக்காவிடம் போய்க் கைப்பிரம்பால் முந்தி முடிச்சைத் தொட்டார். அவிழ்க்கச் சொன்னார். அக்கா அவிழ்த்தாள். மஞ்சள் அரிசி அவள் உள்ளங்கையில் கிடந்தது.

அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அடுத்த தோட்டத்தில் ஒரு பெண்ணை ஒரு கட்டி வெல்லத்துக்காகக் கூட்டிப்போனார்கள். காட்டுக்காரர்களுக்கு உணவு கொடுத்தவள் என்று முகாமில் வைத்து, பிறகு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு. அவள் பிறந்ததே மலாயாவில். எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய இரண்டு பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஆபீசர் வண்டியைக் காட்டினார். ஏறச் சொல்லுங்கள் என்றார் என்னிடம். நான் அதை மொழிபெயர்த்தேனா, அவளே புரிந்துகொண்டாளா, நினைவில்லை. அவள் அழவில்லை, காலில் விழவில்லை. வாளியைத் தரையில் வைத்தாள்.

"பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பால் குடுக்கணும். அத மட்டும் சொல்லு பாப்பா."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆபீசர் கெட்டவரில்லை, அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்துப் பரிவோடு ஒன்று சொன்னார். வருத்தப்படாதீர்கள் மிஸ், இவள் உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டாள்.

அவர் எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். நான் ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அக்கா என்னிடம் மறைத்துவிட்டாள், எனக்கு ஒன்றும் தெரியாது. மற்ற இருபத்தொரு முடிச்சுகளையும் யாரும் பார்க்கப் போவதில்லை. வேலை போகாது, அப்பாவின் பெயர் கெடாது, நானும் வண்டியில் ஏற வேண்டாம். இல்லை என்று சொன்னாலோ, அவளோடு நானும், என்னோடு இருபத்தொரு பேரும். தலையை அசைக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். பாதி அசைத்தும் விட்டேன் என்று நினைக்கிறேன்.

முப்பத்தொரு வாக்கியங்களில் ஒன்றாவது அந்த நேரத்தில் வந்து கைகொடுக்க வேண்டாமா? ஒன்றும் வரவில்லை. என் முகவாய் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. விறைப்பாக வைத்திருக்க வேண்டிய மேலுதடு தனியாகத் துடித்தது. மூக்கு ஒழுகியது. துணிச்சலான முகத்தை மாட்டிக்கொள்ள என்னிடம் முகமே இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்துவிட்டு நிற்கிற பிள்ளையைப் போல அழுதுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, இல்லை சார் என்றேன்.

என்ன இல்லை என்று கேட்டார்.

ஏமாற்றவில்லை. அரிசி என் கையில் பட்டது. நான்தான் விட்டேன்.

இவளை மட்டுமா?

துரை தொண்டையைச் செருமினார். அங்கேயே நிறுத்து என்பது அதற்கு அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருத்தியை மட்டும் விட்டேன் என்றால் அது சதி, எல்லோரையும் விட்டேன் என்றால் அது வழக்கம். அழுகைக்கு நடுவிலும் இந்த ஒரு கணக்கு எனக்குச் சரியாக வந்தது. எல்லோரையும் என்றேன்.

பிறகு மரத்தைப் பற்றிச் சொன்னேன். புதுப்பட்டை, மஞ்சள், முதல் மரம், எல்லாவற்றையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. மரத்தடிக்கு அரிசி கொண்டு போகிறார்கள் என்றால் எந்த ஆபீசர்தான் நம்புவார்? காட்டுக்காரர்களும் மரத்தடியில்தானே இருக்கிறார்கள் என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவரை நம்பவைக்கவோ அவளைக் காப்பாற்றவோ இல்லை, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அரிசியை மறைக்க நினைத்தால் இவர்களுக்கு ஆயிரம் வழி உண்டு. கொண்டைக்குள் வைக்கலாம், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைப் பொறுக்கும் சாக்கின் மடிப்பில் வைக்கலாம், நான் ஒரு நாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நான் தினம் தொட்டுப் பார்க்கிற முந்தியில் எதற்கு முடிந்தார்கள்? அக்காவிடம் தமிழில் கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன். ஒளித்து வைத்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்று இருந்தது.

"ஒளிச்சு வச்சா அது களவு அரிசி பாப்பா. களவு அரிசி மரத்துக்கு ஆவுமா? ஒன் கையில பட்டு, நீ விட்டாத்தான் அது போவணும். விடலன்னா திரும்பி வீட்டுக்குப் போயிருப்போம்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மரபுத்தொடர் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் நான் ராஜாங்கத்தை என் விரலிடுக்கில் வைத்திருந்ததாக நினைத்தேன். இவர்களோ தங்களையே என் கையில் வைத்துவிட்டு நின்றிருக்கிறார்கள்.

ஆபீசர் பிரம்பைத் தாழ்த்தினார். எனக்கும் ஆபீசருக்கும் நடுவே நடந்த ஆங்கிலம் ஒன்றும் புரியாமல் நின்ற பெண்களுக்கு, அக்கா பேசிய தமிழ் கேட்டது. வரிசையின் முதலில் நின்றவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு முந்தியை அவிழ்த்தாள். அடுத்தவள் அவிழ்த்தாள். யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயமில்லை என்று கதை விட மாட்டேன். ஒருத்தி முடிச்சைத் தாறுமாறாக இழுத்ததில் அரிசியில் பாதி கீழே சிந்தியது, குனிந்து அதைப் பொறுக்கினாள். இருபத்திரண்டு உள்ளங்கைகளில் மஞ்சள் அரிசி. அத்தனையையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு இரண்டு வேளைச் சோறு வருமா என்பது சந்தேகம்.

அதுவரை தொண்டையை மட்டும் செருமிய துரை இப்போது பேசினார். அவரும் முகவாய், உதடு என்று ஆரம்பிக்கவில்லை. மரம் பக்கத்தில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிடலாமே என்று மட்டும் சொன்னார். இரும்புக் காரை விட்டுவிட்டு நடந்தே கிளம்பினார். அதை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆபீசர் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, காவலர்களைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் போனார். என்னைக் கேட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு காவலர். இந்த முறை அவர் காவல் காத்தது என்னைத்தான்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். வெயில் ஏறியது. போலீஸ் வண்டி வாய் பிளந்து நின்றுகொண்டே இருந்தது. ஆயாக் கொட்டகையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அது அக்காவின் குழந்தைதான் என்று எனக்கு எப்படியோ நிச்சயமாகத் தெரிந்தது. அப்போது பட்ட வேதனையை வேறு எப்போதும் பட்டதில்லை.

பத்து மணி தாண்டியிருக்கும், பாதை வளைவில் துரையின் தொப்பி தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஆபீசர். அவர்களைத் தாண்டிக்கொண்டு அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். கேட்டில் நிற்கவே இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. நேராகக் கொட்டகைக்குப் போனாள். அழுகை நின்றது.

அங்கே நடந்ததைப் பிற்பாடு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பெண்கள் தங்கள் தங்கள் முதல் மரத்தடியில் அரிசியைப் போட்டார்கள், கும்பிட்டார்கள், கோடு கீறினார்கள். பால் வந்தது. ஆபீசர் மரம் மரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். அவர் திரும்பி முதல் மரத்துக்கு வந்தபோது எறும்பு வரிசை கட்டிவிட்டிருந்தது. இந்தக் காட்டில் அரிசி வாங்கித் தின்கிற ஆள் இவர்தான் போலிருக்கிறது என்று துரை எறும்பைக் காட்டினாராம். ஆபீசர் சிரித்தாராம். சிரித்த பிறகு ஒருத்தியை வண்டியில் ஏற்றுவது கஷ்டம்.

ஆனாலும் சோதனைக்காரி விட்டது விட்டதுதான். என் கேட்டு உத்தியோகம் அன்றோடு போயிற்று. கோலசிலாங்கூரிலிருந்து ஒரு அம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அப்படி நான் துரையின் ஆபீசில் தட்டச்சுக்குச் சேர்ந்தேன், இது எனக்குக் கிடைத்த பதவி உயர்வு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அக்கா மட்டும், சப்பாத்துத் தேயாது, நல்லதுதான் என்றாள்.

ஐந்தாறு மாதம் கழித்து அடுத்த நிரைக்குப் புதுப்பட்டை நாள் வந்தது. இந்தத் தடவை துரையே முன்கூட்டிப் போலீசில் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அரிசி முந்தியில் போகக் கூடாது. எல்லோருடைய அரிசியும் மூடாத தட்டு ஒன்றில், எல்லோரும் பார்க்க, ஆட்களுக்கு முன்னால் போக வேண்டும். கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் அதைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய், கடைசிப் பருக்கைவரை மரத்தடியில் விழுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆபீசில் ஆங்கிலம் தெரிந்த, கணக்கெழுதும் கிராணிகள் இரண்டு பேர் இருந்தார்கள். முந்தின வாரம்தான் அடுத்த தோட்டத்தின் கிராணியைக் காட்டுப்பாதையில் சுட்டிருந்தார்கள். ஆகவே அன்றைக்கு ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்கு இடுப்புப் பிடிப்பு. துரை என்னைப் பார்த்தார். நான் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள் நான். கேட்டுக்கு அந்தப் பக்கம், நிரைக்குள், ஒரு நாளும் கால் வைத்ததில்லை. டிரசர் வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை. சப்பாத்து முதல் சகதியிலேயே மாட்டிக்கொண்டது, கழற்றி வரப்பில் வைத்துவிட்டு நடந்தேன். இரண்டு கையிலும் பித்தளைத் தட்டு. இரண்டு பக்கமும் மரங்கள், அவற்றுக்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் காடு. கேட்டில் நின்று பார்த்தபோது தெரிந்த காடு வேறு, இது வேறு. ஏதோ ஒரு பறவை இறக்கையை அடித்தது. நான் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த முப்பது பேரும் நின்றார்கள்.

அக்கா பின்னாலிருந்து என் காதருகே வந்தாள்.

"பயமா இருக்கா பாப்பா?"

"இருக்குக்கா."

"இருக்கட்டும். நட."

நடந்தேன். தட்டிலிருந்து ஒரு பருக்கை சிந்தக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டு போனதால், முதல் மரம் வரும்வரை தலை குனிந்தே இருந்தது.